நன்கொடைப் பட்டியலில் ஒரு விமானம்

நாங்கள் கேட்டிருந்தது
சக்கர நாற்காலி ஏற்றும் வேன் ஒன்று.
பெண்டமியர் சாலை அலுவலகத்துக்கு வந்த கடிதத்தில்
விமானம் இருந்தது.

நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின்,
வயது முப்பத்தொன்று,
நிற்குமிடம் சிலேத்தார்.
பெறுமதி என்ற கட்டத்தில்
'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று
பேனாவால் எழுதியிருந்தார்
குவெக் பூன் தியோங்.

இந்த அறநிறுவனத்தில் கணக்கு என்னுடையது.
அரிசி மூட்டைக்கு ஒரு பத்தி,
பெரியவர்களின் டயப்பருக்கு ஒரு பத்தி,
சீனப் புத்தாண்டு ஆரஞ்சுக்குத் தனிப்பத்தி
(கெட்டுப்போகுமே).
விமானத்தை எதில் எழுத?
'தளவாடம்னு போடு' என்றார் தலைவர் ஹபீபா.
தளத்தில் நிற்கவென்று செய்யாததை
எப்படித் தளவாடம் என்பது?

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
இந்த மாட்டுக்குப் பார்த்தே ஆகவேண்டும், சட்டம்.
பொறியாளர் மூக்கைக் கழற்றி
டார்ச் அடித்து
ஒவ்வொரு சிலிண்டராக எண்ணிச் சொன்னார்.
நான் குடையோடு நின்று எழுதிக்கொண்டேன்.
கையெழுத்திட்ட நாள்முதல்
நிறுத்தக் கட்டணம் எங்கள் பேரில்,
காப்புறுதி எங்கள் பேரில்.
மாடு என்று வாங்கியது யானை என்று
ஆறாம் நாளே தெரிந்துவிட்டது.

குவெக்குக்கு இடக்கண்ணில்
ஒரு மூலை இருட்டிவிட்டதாம்.
மருத்துவர் இந்த ஆண்டு கையெழுத்துப் போடவில்லை.
அதைக்கூட இரண்டாம் சந்திப்பில்
கோப்பி ஆறிய பிறகுதான் சொன்னார்.

கேட்டேவிட்டேன்:
நீங்களே விற்றுப் பணமாகத் தந்திருக்கலாமே?

'விற்பதென்றால் விலை பேச வேண்டும்.
பதினாறு வருஷம்
என்னைக் கீழே போடாததை
நான் எப்படிப் பேரம் பேசுவேன்?
நீங்கள் பேசுங்கள்.
உங்களுக்கு அது யாருமில்லை.'

பேசினேன்.
தேக்கா சந்தையில் வஞ்சிரத்துக்குப் பேசுகிற வாயால்
ஈப்போவில் ஒரு பறத்தல் பள்ளியோடு.
வண்ணம் வெளுத்திருக்கிறது என்றான்.
வெயில் ஊர், என் முகமும்தான் என்றேன்.
ரேடியோ பழசு என்றான்.
கேட்கிறதா இல்லையா என்றேன்.
மூன்றாம் அழைப்பில்
என்னையறியாமல் வாயில் வந்தது:
'இதுவரை யாரையும் கீழே போட்டதில்லை.'
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு இரண்டாயிரம் ஏற்றினான்.

கொண்டுபோக வந்தவள் இளம்பெண்.
இறக்கை நிழலில் குந்தி
நாசி லெமாக் பொட்டலம் முடித்து
விரலைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.
குவெக் வரவில்லை.
ஓடி, எழும்பி,
ஜொகூர் பக்கம் மேகத்தில் நுழையும்வரை பார்த்தேன்,
பாதி நிமிடம் இருக்கும்.
அலுவலகம் திரும்பிப் பட்டியலில்
அந்த வரியை அடித்தேன்.
அளவுகோல் வைத்து நேராக அடிப்பவள்தான்;
அன்று கோடு கொஞ்சம் மேல்நோக்கிப் போனது,
விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் வெள்ளை வேன் வந்தது.
ஒரு வாரம் கழித்துத் தபாலில்
குவெக்கின் சொந்தக் குறிப்பேடு,
அவரே கோடு போட்டது,
பாதிக்கு மேல் வெற்றுத்தாள்.
'மீதிப் பக்கம் வீணாக வேண்டாம்.'

ஓட்டுநர் ரசாலி அதிலேயே எழுதுகிறார்.

புறப்பாடு: புவாங்கோக், புளோக்கின் கீழ்த்தளம்.
இறக்கம்: ரத்தச் சுத்திகரிப்பு நிலையம்.
பயணி: திருமதி கோமளவல்லி, ஒரு பை, ஒரு குடை.
வானிலை: ஒழுகல்.
குறிப்பு: திரும்புகையில் தூங்கிவிட்டார், மெதுவாக ஓட்டினேன்.

உயரம் என்று ஒரு கட்டம் உண்டு.
முதல் இரண்டு வாரம் அதைக் காலியாக விட்டிருந்தார்.
இப்போது
பயணியின் வீடு எத்தனையாவது மாடி
என்று எழுதுகிறார்.

நேற்று பதினேழு.
மின்தூக்கி வேலை செய்தது.